நெடும்பாறைச் சுமைதாங்கி

முக்கூடல்
27-11-1994

இசக்கிமுருகனுக்கு,

வடிவம்மாள் சொல்ல, அடுத்த வீட்டுக் கமர் நிஷா எழுதுவது. மருமகன் என்று போடவா, அண்ணன் மகன் என்று போடவா என்று நிஷா கேட்டாள். பேரை மட்டும் போடு என்றேன்.

உன்னோடு இனிப் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆடிக் கடைசியில் நீ வந்து வாசலில் நின்று, "கலை போயிட்டா அத்தை" என்று சொன்ன அன்றைக்கே உன் முகத்தில் கதவைச் சாத்தினேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியை மலை மேல் கொட்டகையில் வைத்திருந்தாய். செத்த பிறகு முகத்தைக் கூட எனக்குக் காட்டவில்லை. ஓடையில் வெள்ளம், கீழே கொண்டுவர முடியவில்லை, அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்றாய். என் மகள் எந்த இடத்தில் கிடக்கிறாள் என்று கைகாட்டக் கூட எனக்குத் தெரியாது. மேற்கே பார்த்தால் மலை முழுக்க ஒரே நீலமாகத்தான் இருக்கிறது.

இப்போது ஒரு காரியத்துக்காக எழுதச் சொல்கிறேன். வயிற்றுப் பிள்ளையோடு போனவளுக்குச் சுமைதாங்கி வைக்க வேண்டும். இது உனக்குத் தெரியாததல்ல. நம் ஊர்ப் பழைய ரோட்டில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருக்கிறதே, அதில் நீயும் அவளும் ஏறிக் குதித்து என்னிடம் அடி வாங்கியிருக்கிறீர்கள். யாரோ ஒரு மகராசி பெறாமலே போனதற்கு அவள் வீட்டார் வைத்த கல் அது. தலைச்சுமைக்காரர்கள் அதில் சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்கும்போதெல்லாம் போனவளுடைய பாரமும் கொஞ்சம் குறையும். கல் வைக்காவிட்டால் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்துகொண்டே இருப்பாள்.

அதை முக்கூடலில் வைத்துப் பிரயோசனமில்லை. இங்கே யார் இப்போது தலையில் சுமக்கிறார்கள், எல்லாம் சைக்கிளும் டிராக்டரும்தான். நீ போடுகிற பாதையிலேயே வை. மலைக்குடிக்காரர்கள் பலாப்பழமும் மிளகும் சுமந்து இறங்குகிற பாதை என்று கலை சொல்லியிருக்கிறாள். அங்கே கல்லுக்கும் பஞ்சமில்லை, உளிக்கும் பஞ்சமில்லை. நீதான் மேஸ்திரி. ஆடியில் அவளுக்கு வருஷத் திதி வருவதற்குள் கல் நின்றாக வேண்டும். கலையரசி என்று பேரை வெட்டு.

இதைச் செய்தால் என் வாசற்படி ஏறலாம் என்று நினைத்துக்கொள்ளாதே.

வடிவம்மாள்

அண்ணே, பெரியம்மா சொன்னதில் பாதியை நான் எழுதவில்லை. எழுதியதே இவ்வளவு. – நிஷா


நெடும்பாறை முகாம், மணிமுத்தாறுக்கு மேல்
20-12-1994

அத்தைக்கு,

முருகன் எழுதுவது. நலமா என்று உங்களைக் கேட்க எனக்கு வாயில்லை. உங்கள் கடிதம் தாமதமாகத்தான் கைக்கு வந்தது. அரிசி கொண்டுவருகிற சேக் முகம்மது அண்ணாச்சியின் கழுதைகள் மழையில் மணிமுத்தாற்றிலேயே நின்றுவிட்டன.

கார்த்திகை மழையில் மூன்றாவது திருப்பத்துச் சுவர் பிதுங்கிவிட்டது. பிரித்துத் திரும்பக் கட்டுகிறோம். இங்கே சிமெண்ட் கிடையாது. கல்லின் நீளப் பக்கம் மலைக்குள் போகும்படி வைத்து, கல்லின் கனத்திலேயே கல்லை நிறுத்துவதுதான் வேலை. அழகு பார்த்து நீளத்தை வெளியே காட்டி அடுக்கினால் ஒரு மழைக்கு நிற்காது. காட்டுக்குள் வெடி வைக்க அனுமதி இல்லாததால் பெரும்பாறை வந்தால் அதன் மேல் விறகைப் போட்டு எரித்து, சுட்ட பாறையில் ஓடைத் தண்ணீரை ஊற்றிப் பிளக்கிறோம். தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் பழைய பாதை போன பிறகு மலைக்குடியில் இருக்கிறவர்களுக்கு இறங்க வழியே இல்லை. நாங்கள் ஒரு திருப்பம் முடித்தால் அவர்கள் மறுநாளே அதில் நடக்கிறார்கள்.

கல் விஷயம் எழுதியிருந்தீர்கள். மழை நிற்கட்டும். இங்குள்ள பாறை பொரிந்து உதிர்கிற ஜாதி, ஆள் நீளத்துக்கு ஒரே கல்லாகப் பிளக்க வராது. பார்க்கலாம்.

அட்டைக்கடிக்குக் காலில் தேய்க்க நீங்கள் கலைக்குக் கொடுத்துவிடும் புகையிலைத் தூள் தீர்ந்துவிட்டது. இப்போது உப்புத்தான். அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை, தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

முருகன்


முக்கூடல்
24-1-1995

இசக்கிமுருகனுக்கு,

உதிர்கிற ஜாதிப் பாறையா? அப்படியானால் மூன்றாவது திருப்பத்தில் சுவரை எதை வைத்துக் கட்டுகிறாய், அவலை வைத்தா? பொய் சொல்லுவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். சின்ன வயதிலிருந்தே உனக்கு அது வராது.

நிஷா உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். சுவர் இருக்கிறது, விறகு இருக்கிறது, கழுதை கூட இருக்கிறது. என் மகள் எங்கே? அவள் எப்படிப் போனாள், யார் பக்கத்தில் இருந்தார்கள், கடைசியில் வாய் திறந்து ஏதாவது சொன்னாளா, தண்ணீர் கேட்டாளா, அம்மா என்றாளா, ஒரு வார்த்தை உண்டா? பீடிக்கடையில் என்னோடு உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்கள் கேட்கிறார்கள். "ஒம் மருமவன் என்னதான் சொன்னான்?" என்கிறார்கள். சுளகைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணும் சொல்லல" என்கிறேன். அதற்கு மேல் அவர்களும் கேட்பதில்லை. எனக்காகப் பாவப்பட்டு இலை வெட்டிக் கொடுக்கிறார்கள். அதுதான் பொறுக்க முடியவில்லை.

இன்னொன்று. உறையின் மேல் விலாசம் உன் கையெழுத்து இல்லை. உள்ளே உன் எழுத்து, வெளியே வேறு யாரோ பொம்பளை எழுத்து. உங்கள் கூட்டத்தில் சமைக்கிற சாலோமியுடையதாக இருக்கும். தாயில்லாத உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவளின் பேரை ஒரு உறையில் எழுதக் கூட உனக்குக் கசக்கிறதா?

பொங்கலுக்கு அடுப்பு மூட்டவில்லை. நிஷா வீட்டிலிருந்து கொடுத்தார்கள், வாங்கி வைத்தேன். கல் என்ன ஆயிற்று என்று எழுது.

வடிவம்மாள்


நெடும்பாறை முகாம்
3-3-1995

அத்தைக்கு,

நான் எழுதியது பொய்தான். கல் இருக்கிறது. இப்போது வெட்டியும் ஆகிவிட்டது.

பாப்பாக்குடி சுடலைக்கண்ணு அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியும். எங்கள் கூட்டத்தில் கல் பிளக்க அவர்தான் கெட்டிக்காரர். நீங்கள் கேட்டிருந்தது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. நான் மேலே பாதைக்கு அடையாள முளை அடிக்கப் போயிருந்த நாட்களாகப் பார்த்து, எல்லாருமாகச் சேர்ந்து நடுகல் இரண்டும் மேற்கல் ஒன்றும் கொத்தி முடித்துவிட்டார்கள். மேற்கல்லில் அவள் பேர். எழுத்து நன்றாக வந்திருக்கிறது. என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருப்பார்கள்.

"இதை யாரும் நடக் கூடாது, அங்கனயே கெடக்கட்டும்" என்றேன்.

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே முருகா, கட்டுனவளுக்கு ஒரு கல்லு நட ஒனக்கு மனசு வரலையாலே? நீயெல்லாம் என்ன மனுசன்?" என்றார். எனக்கு என்ன ஆயிற்றோ, சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பேரை உடைக்கப் போனேன். நாலு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். அதிலிருந்து யாரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. வேலை சொன்னால் செய்கிறார்கள், அவ்வளவுதான். சாலோமி மட்டும் கஞ்சியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறாள்.

எனக்கு மனசு வராமல் இல்லை அத்தை. அந்தக் கல்லை நட முடியாது. ஏன் என்று எழுத வேண்டுமானால், அது நிஷா வாய்விட்டுப் படிக்கிற கடிதத்தில் ஆகாது. கல்யாணமாகாத பிள்ளை. சுளகோடு சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லார் காதிலும் விழும். நேரில் வந்து சொல்லலாம் என்றால் கதவைச் சாத்துகிறீர்கள்.

உறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆமாம், சாலோமி எழுத்துத்தான். அதற்கும் இப்போது பதில் சொல்ல வரவில்லை.

முருகன்


முக்கூடல்
14-4-1995

முருகா,

இது என் கை. நிஷா எழுதவில்லை. அவளுக்குத் தெரியாது.

போன வருஷம் அறிவொளி வகுப்புக்குப் போனேன். கலைக்கு நானே எழுத வேண்டும் என்று போனேன். அவள் போன பிறகு விட்டுவிட்டேன். உன் கடிதம் வந்ததும் திரும்பப் போய் உட்கார்ந்தேன். இந்த ஒரு பக்கம் எழுத நாலு நாள் ஆயிற்று. தப்பு இருக்கும். சிரிக்காதே.

நீ எதை மறைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னதைத்தானே? ஆனியிலேயே நீ எழுதிக் கேட்டாய். கலையை இப்போதே கொண்டுவந்து விடட்டுமா என்று கேட்டாய். "ஏழாம் மாசம் ஆடியில வருது, ஆடியில வளைகாப்பு வைக்கப்படாது, ஆவணி மொத முகூர்த்தத்துல வளையலோட வாறேன், அதுவரைக்கும் அங்கனயே இருக்கட்டும்" என்று நான்தான் சொன்னேன். வளையல் இல்லாத வெறுங்கையோடு அவள் என் வீட்டுக்கு வந்தால் ஊர் சிரிக்கும் என்று நினைத்தேன். வளையல் போட்டுத்தான் கூட்டி வர வேண்டும் என்று நினைத்தேன். நிஷா எழுதிய அந்தக் கடிதம் உன்னிடம்தான் இருக்கும்.

நீ வாசலில் நின்றபோது நான் உன்னை என்னவெல்லாம் சொன்னேன். தெரு முழுக்க நின்றது. "நீங்கதான அத்தை இருக்கச் சொன்னீங்க" என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. அதனால்தான் உன் மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

வளையல் டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது.

நீ மறைப்பது அதுதான் என்றால் எழுது. வேறு என்றாலும் எழுது. நானே படிப்பேன்.

வடிவம்மாள்


நெடும்பாறை முகாம்
2-5-1995

அத்தைக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

நான் மறைத்தது நீங்கள் நினைப்பது இல்லை. ஆடி போகட்டும் என்று நீங்கள் சொன்னீர்கள், நானும் சரி என்றுதான் சொன்னேன். கீழ் முகாம் ஓலைக்கொட்டகை, ஒழுகும். மேலே பழைய காவல்கொட்டகை ஓடு போட்டது, அங்கே ஈரம் ஏறாது என்று அவளை அங்கே வைத்துக்கொண்டேன்.

இனிச் சொல்லிவிடுகிறேன். கலை வயிற்றுப் பிள்ளையோடு போகவில்லை. பெற்றுவிட்டுத்தான் போனாள். பெண் பிள்ளை.

அன்றைக்கு விடிந்ததிலிருந்தே மழை. ஆட்கள் எல்லாரும் ஓடைக்கு அந்தப் பக்கம் கீழ் முகாமில். சாலோமி வீட்டுக்காரரும் அரிசிக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். மேலே கலையும் சாலோமியும் நானும்தான். காலையில் வலி வந்தது. நாள் இருக்கிறதே, சூட்டுவலி என்று முதலில் நினைத்தோம். மத்தியானம் பிள்ளை பிறந்துவிட்டது. என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற பிள்ளை. ஆனால் அழுதது அத்தை, நன்றாக அழுதது. கலை பக்கத்தில் போடச் சொல்லி, விரலால் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். "எங்கம்மா மூக்கு. ஊர்க் காரியத்துக்கெல்லாம் வெடைக்கப் போவுது" என்று சிரித்தாள். அவள் சிரித்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. சாலோமி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் செய்தாள். இருட்டுவதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. கடைசியில் என்ன சொன்னாள் என்று கேட்டிருந்தீர்கள். "அத்தான், பிள்ளையக் கீழ கொண்டு போயிருங்க. நான் பைய வாறேன்" என்றாள்.

நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாலோமிதான் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணாச்சி, இவள நான் பாத்துக்கிடுதேன். நீங்க பிள்ளையத் தூக்கிட்டு ஓடுங்க, இதாவது பிழைக்கட்டும்" என்றாள். சேலைத் துணியில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன். அது நாங்கள் போட்ட பாதை. ஒரு கல் ஆடவில்லை, ஓர் இடத்தில் தண்ணீர் தேங்கவில்லை. அந்த மழையிலும் கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம். ஓடை வரைக்கும்.

ஓடையை நாங்கள் எப்போதும் கடைசியில்தான் கட்டுவோம். முதலில் கட்டினால் ஒவ்வொரு மழையும் அதை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் இரண்டு கரையிலும் பாதையை முடித்துவிட்டு, தண்ணீர் வற்றுகிற பங்குனியில் நடுவே கல் போட்டு இணைப்போம். எல்லாக் கூட்டமும் அப்படித்தான் செய்யும். அதுவரை நடக்க இரண்டு மரத்தைப் போட்டு வைத்திருந்தோம். நான் போய் நின்றபோது மரம் இரண்டும் இல்லை. வெள்ளம் என் தலை உயரத்துக்குப் போகிறது. அந்தக் கரையில் நாங்கள் வெட்டிய பாதை தொடங்குகிற இடம் கண்ணுக்குத் தெரிந்தது. கத்தினேன். தண்ணீர் இரைச்சலில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

ஒரு பாறைக்கு அடியில் ஒதுங்கிப் பிள்ளையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணீர் இறங்கவில்லை. விடிகிற நேரத்தில் பிள்ளை போய்விட்டது. கரையிலேயே மேடான இடமாகப் பார்த்து வைத்தேன். மேலே போனேன். சாலோமி கலையைக் குளிப்பாட்டி வைத்திருந்தாள். குடியிலிருந்து இரண்டு பேர் வந்து குழி வெட்டினார்கள். பிள்ளை பிறந்தது அவர்களுக்கும் தெரியாது. சாலோமி யாரிடமும் சொல்லவில்லை.

தண்ணீர் இறங்கியதும் உங்களிடம்தான் வந்தேன். கலை போய்விட்டாள் என்றேன். அடுத்த வார்த்தையைச் சொல்வதற்குள், "வயித்துப் பிள்ளையோட போயிட்டாளே" என்று தெருவே அழ ஆரம்பித்துவிட்டது. நீங்கள் வயிற்றில் அடித்துக்கொண்டீர்கள். ஒரு சாவுக்கே இப்படி அடித்துக்கொள்கிறவர்களிடம் இன்னொன்றை எப்படிச் சொல்ல என்று, வெள்ளத்தையும் அடக்கத்தையும் மட்டும் சொல்லிவிட்டு நின்றேன். கதவைச் சாத்திவிட்டீர்கள். அதற்குப் பிறகு எந்த நாளில் சொல்வது?

இறக்கி வைத்துவிட்டுப் போனவளுக்குச் சுமைதாங்கி கிடையாது. அந்தக் கல்லை நட்டால் என் பிள்ளை பிறக்கவே இல்லை என்று கல்லில் வெட்டி நட்டது போல ஆகிவிடும். அவள் பிறந்தாள். அழுதாள். அதைப் பார்த்தவர்களில் இப்போது சாலோமியும் நானும்தான் மிச்சம். நீங்கள் எனக்கு என்ன சாபம் கொடுத்தாலும் சரி, அந்தக் கல்லை என்னால் நட முடியாது.

முருகன்


முக்கூடல்
11-6-1995

முருகா,

எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். அதனால் ஒவ்வொரு சொல்லாக வந்தது. பெண் பிள்ளை என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். கடிதத்தை மடித்துச் சுளகுக்கு அடியில் வைத்தேன். இரண்டு நாள் மேலே படிக்கவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்கு ஒரு பேத்தி இருந்தாள்.

மூன்றாம் நாள் படித்தேன்.

ஏன் எழுதினாய் என்று உன்னைத் திட்டினேன். யாருமில்லாத வீட்டில் உன் பேரைச் சொல்லிச் சத்தமாகத் திட்டினேன். எழுதச் சொன்னதும் நான்தான். ஒரு சாவோடு எப்படியோ பழகிக்கொண்டிருந்தேன். இப்போது முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. ஆடி என்று நான் சொல்லாமல் இருந்தால் இந்த வீட்டில் இப்போது தொட்டில் ஆடும். அதை நீ இல்லை என்று எழுதாதே. எழுதினாலும் நான் படிக்க மாட்டேன்.

நிஷாவிடம் மட்டும் சொன்னேன். அந்தப் பிள்ளை என்னைக் கட்டிக்கொண்டு அழுதது. பீடிக்கடையில் யாருக்கும் சொல்லவில்லை.

கலைக்குச் சுமைதாங்கி வேண்டாம். நீ சொன்னதுதான் சரி. ஆனால் கொத்தின கல்லை வெயிலில் சும்மா போட்டு வைக்காதே. அதை அந்த ஓடையில் போடு. நீ நின்ற இடத்தில் போடு. அடுத்து எவளாவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். பிள்ளைக்குப் பேர் வைத்தாயா? அந்தப் பாறைக்கு அடியில் ஏதாவது சொல்லிக் கூப்பிட்டாயா? பேரில்லாத பிள்ளைக்கு நான் எப்படி ஒப்புச் சொல்லி அழுவேன்? வாயெடுத்தால் அடுத்த சொல் வர மாட்டேன் என்கிறது. கலைக்கு அழ ஆரம்பித்து அப்படியே நின்றுவிடுகிறேன்.

ஆடித் திதிக்கு நான் மலைக்கு வருகிறேன். மணிமுத்தாறு வரை பஸ்ஸில் வந்துவிடுவேன், அங்கிருந்து சேக் முகம்மதுவோடு நடப்பேன். ஓடைக்கரையில் நில். இரண்டு இடத்தையும் எனக்குக் காட்டு. பிறகு என்னோடு வீட்டுக்கு வா. கதவைச் சாத்தவில்லை. உன் மேல் உள்ள கோபம் போகவில்லை, வந்து நேரில் வாங்கிக்கொள்.

புகையிலைத் தூள் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டிருக்கிறேன். நனையாமல் வை.

வடிவம்மாள்


நெடும்பாறை
9-8-1995

அத்தைக்கு,

நீங்கள் வர வேண்டாம். வழி இல்லை.

ஆனியிலேயே வேலையை மூடிவிட்டார்கள். காண்ட்ராக்டர் வந்து இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார். பாதை நன்றாக இருக்கிறது என்றார். ஓடை இந்த வேலையில் சேர்த்தி இல்லை, அதற்குத் தனியாக உத்தரவு வர வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பங்குனியில் கல் போட விடாமல் மூன்றாவது திருப்பத்துச் சுவரே எங்களைப் பிடித்து வைத்துக்கொண்டது. அதைத் திரும்பக் கட்டி முடிப்பதற்குள் தண்ணீர் வற்றுகிற மாதம் போய்விட்டது.

கூட்டம் கலைவதற்கு முன் சுடலைக்கண்ணு அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, "தூக்குங்கலே" என்று எல்லாரையும் கூப்பிட்டார். நடுகல் இரண்டையும் மேற்கல்லையும் கம்பில் கட்டி, தோள் மாற்றித் தோள் மாற்றி ஓடை வரை கொண்டுபோனோம். ஆழமான இடத்தில் எதிரெதிரே இரண்டு பாறை இருக்கிறது. நடுகல் இரண்டையும் அதற்கு முட்டுக்கொடுத்து, மேற்கல்லை ஒரு பாறைக்கும் மறு பாறைக்குமாகப் போட்டோம். பேர் உள்ள பக்கம் மேலேயா கீழேயா என்று அண்ணாச்சி கேட்டார். கீழே என்றேன், அவளை யாரும் மிதிக்க வேண்டாம். குடியிலிருந்து ஒரு பொம்பளை, இடுப்பில் பிள்ளையோடு, முதலில் நடந்து போனாள். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தக் கொஞ்ச நாள் ஜனங்கள் அதில் போனார்கள், வந்தார்கள்.

போன வாரம் பெய்த மழையில் கல் போய்விட்டது. பாறையில் அது உட்கார்ந்திருந்த தடம் மட்டும் இருக்கிறது. எவ்வளவு தூரம் உருட்டிக்கொண்டு போயிற்றோ, கண்ணுக்கு எட்டின வரை காணவில்லை. முதலில் கட்டினால் நிற்காது என்றுதான் எல்லாரும் கடைசியில் கட்டுகிறோம். கடைசியில் கட்டியும் நிற்கவில்லை. பிள்ளை இருக்கிற இடம் மேடு, அங்கே தண்ணீர் வரவில்லை. அதை நினைத்துப் பயப்படாதீர்கள்.

மற்றவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், சாலோமியும் அவள் வீட்டுக்காரரும் கூட. நீங்கள் வருவீர்கள் என்று இரண்டு இடத்தையும் செதுக்கிச் சுத்தம் செய்து வைக்க நான் மட்டும் இருந்தேன். இப்போது இந்தக் கரையிலேயே இருக்கிறேன். சேக் முகம்மது அண்ணாச்சி அந்தக் கரைக்கு வருகிற நாளில் இந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஒரு கல்லோடு கட்டி எறிய வேண்டும். எறிந்தால் போய்விடுகிற தூரம்தான் அத்தை.

பேர் கேட்டீர்கள். நான் வைக்கவில்லை, கலைதான் வைத்தாள். மூக்கைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தபோதே வைத்துவிட்டாள். உங்கள் பேர்தான். வடிவு. நீங்கள் பேர் கேட்டது அழுவதற்கு. உங்கள் பேரையே சொல்லித்தான் நீங்கள் அழ வேண்டியிருக்கும், அதை எப்படி எழுதுவேன் என்றுதான் சித்திரையில் எழுதிய கடிதத்தில் விட்டுவிட்டேன்.

கூப்பிட்டேன். முதலில் கூப்பிட்டபோது கண்ணைத் திறந்தாள். பாலுக்காக என் சட்டையில் வாயை வைத்துத் தேடினாள். கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை, அதனால் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். சில்லிட்டுப் போனது தெரிந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் நிறுத்தினேன். அதோடு அந்தப் பேர் என் வாயிலும் வரவில்லை, கையிலும் வரவில்லை. உறையில் எழுதப் போனால் முதல் எழுத்தோடு பேனா நின்றுவிடும். சாலோமியிடம் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்வேன். உங்கள் பேர் எனக்குக் கசக்கவில்லை அத்தை.

இப்போது எழுதிக் கொடுக்க இங்கே யாரும் இல்லை. இந்த உறையில் நானே எழுதியிருக்கிறேன்.

முருகன்